ஆளில்லாத ஊரின் அழகு

காலை எட்டரை மணிக்கு ஹோட்டல் வாசலில் வந்து நின்ற லேண்ட் ரோவரின் வயதைக் கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. பின்பக்கம் எதிரெதிராக இரண்டு நீள பெஞ்சுகள். மலைக் கிராமங்களுக்கு ஷேர் ஜீப்பில் போய்ப் பழகியவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. எங்களுக்கு முன்பே ஏறியிருந்த பிரிட்டிஷ் ஓய்வூதியத் தம்பதியும் இரண்டு ஜெர்மன் இளைஞர்களும் முட்டிகளை ஒதுக்கி இடம் கொடுத்தார்கள்.

"துண்டு இருக்கிறதா?" என்று கேட்டார் கைடு. டிரைவரும் அவரேதான்.

குளிப்பதற்கா என்று கேட்டேன்.

"குளிக்க அல்ல. மூக்கில் கட்டிக்கொள்ள."

இடம், சைப்ரஸ் தீவின் மேற்கு முனையில் உள்ள பாஃபோஸ் நகரம். மத்தியதரைக் கடல் தீவுகளில் சிசிலி, சார்டினியாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது சைப்ரஸ். பரப்பு 9,251 சதுர கிலோமீட்டர். பிரிட்டிஷார் ஆண்டுவிட்டுப் போன இடம் என்பதால் வண்டிகள் நம் ஊரைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. ஊருக்கு வெளியே வந்ததும் வாழைத் தோட்டங்கள். என் மனைவிக்கு ஏமாற்றம். "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள்.

ஹோட்டல் வரவேற்பறையில் எடுத்த விளம்பரத் தாளில் ஒரு வாக்கியம் கொட்டை எழுத்தில் இருந்தது: மனிதர் கைபடாத கிராமப்புறத்தில் ஒருநாள் ஜீப் சஃபாரி. அதை நம்பித்தான் பணம் கட்டினோம். கிராமப்புறம் என்றால் மனிதர் கை பட்டிருக்க வேண்டுமே என்ற சந்தேகம் பணம் கட்டிய பிறகுதான் வந்தது.

சக்கரமும் ஆமையும்

கடலோரமாக வடக்கே போனால் ஆயியோஸ் யோர்யோஸ் என்ற சிற்றூரைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து தொடங்குவது அகாமாஸ் தீபகற்பம். சுமார் 230 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாறையும் புதரும். பெரிய ஹோட்டல் கிடையாது. மண்பாதைதான். அதுவும் செப்டம்பர் கடைசி வாரம் என்றால் மாதக்கணக்கில் மழை பார்க்காத மண். முன்னால் ஒரு வண்டி போனால் நமக்குத் தெரிவது வண்டி அல்ல, புழுதி. துண்டின் அருமை பத்தே நிமிடத்தில் புரிந்தது.

முதல் நிறுத்தம் லாரா கடற்கரை. பச்சை ஆமையும் பெருந்தலை ஆமையும் கரையேறி முட்டையிடும் இடம். மீன்வளத் துறை 1978லிருந்து இங்கே பாதுகாப்புப் பணி செய்கிறது. முட்டையிட்ட குழிகளின் மீது, நரி தோண்டிவிடாமல் இருக்கக் கம்பிக் கூண்டு கவிழ்த்து வைக்கிறார்கள். கூண்டின் கண்கள் குஞ்சு வெளியேறும் அளவு. ஏழெட்டு வாரத்தில் குஞ்சுகள் பொரிந்து இரவில் கடலை நோக்கி நகரும். பிழைத்து வளரும் பெண் ஆமை, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, தான் பிறந்த கரைப்பகுதிக்கே முட்டையிடத் திரும்பி வரும்.

கைடு வண்டியை மணலுக்கு வெகு முன்னதாகவே நிறுத்திவிட்டார். பிரிட்டிஷ் தம்பதியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. இன்னும் கொஞ்சம் உள்ளே போகலாமே என்று கேட்டார்கள். அவர் தலையசைத்து மறுத்தார். சக்கரம் ஏறினால் மணல் இறுகிவிடும். கீழே இருக்கும் குஞ்சு மேலே வர முடியாது. வெளியே வந்த குஞ்சுக்கோ டயர் தடம் ஒரு பள்ளத்தாக்கு. அதில் விழுந்தால் கடல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடத்தோடேயே போய்க்கொண்டிருக்கும். விடிந்ததும் வெயிலோ காக்கையோ பார்த்துக்கொள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் கரையில் வண்டி, குடை, சாய்வு நாற்காலி எதற்கும் அனுமதி இல்லை. இரவில் தங்கவும் கூடாது.

"என் பிழைப்பே சக்கரம்தான். ஆனால் அதை எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவனைத்தான் கைடு என்று சொல்ல வேண்டும்" என்றார்.

அவர் எல்லா ஜீப்காரர்களுக்கும் வக்காலத்து வாங்கவில்லை. மழைக்காலத்தில் பாதையில் பள்ளம் விழும். முதலில் வருபவர் அதை ஒதுக்கிப் புதர் மேல் ஏற்றி ஓட்டுவார். அடுத்தவர் அந்தத் தடத்தில் வருவார். இரண்டு மாதத்தில் ஒரு பாதை இரண்டாகும், பிறகு மூன்றாகும். நடுவில் நின்ற செடி செத்துவிடும். வாடகைக் காரில் தாமாக வருபவர்கள் இன்னும் மோசம் என்றார். வாடகைக் கார்களுக்கு இங்கே சிவப்பு நம்பர் பிளேட். அது தூரத்தில் தெரிந்தாலே அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

ஏன் ஆளில்லை?

லாராவிலிருந்து பாதை உள்நாட்டு மேட்டில் ஏறுகிறது. ஜூனிபர் புதர்கள், காட்டுத் தைம் வாசனை, கீழே கடல். எங்கும் கரோப் மரங்கள். கறுத்து நீண்ட காய், பார்க்கப் புளியங்காயின் அண்ணன் மாதிரி. ஒடித்து மென்றால் வெல்லச் சுவை. ஒரு காலத்தில் இந்தக் காய்தான் தீவின் பெரிய ஏற்றுமதி. கறுப்புத் தங்கம் என்றே பெயர். தங்கத்துக்கு நாம் சொல்லும் 'காரட்' என்ற சொல்லும் இந்த மரத்தின் கிரேக்கப் பெயரிலிருந்து வந்ததுதான். நம் பொற்கொல்லர்கள் குன்றிமணியை எடையாக வைத்ததுபோல அந்தப் பக்கத்தில் கரோப் விதையை வைத்தார்கள்.

மரங்கள் வரிசையில் நின்றன. அடிமரத்தைச் சுற்றிக் கல் வரப்பு. யாரோ நட்டிருக்கிறார்கள், யாரோ வரப்பு கட்டியிருக்கிறார்கள். ஆனால் இந்த அறுவடைப் பருவத்தில்கூடப் பல மரங்களின் காய் பறிக்கப்படாமல் கீழே கொட்டிக் கிடந்தது. மனிதர் கைபடாத இடம் என்ற விளம்பரத்தின் சாயம் இங்கே கொஞ்சம் வெளுத்தது.

அகாமாஸ் காலியாக இருப்பதற்குப் பல காரணங்கள். நிலம் வளமில்லாதது, தண்ணீர் குறைவு என்பது ஒன்று. இன்னொன்று துப்பாக்கி. 1960ல் சைப்ரஸ் சுதந்திரம் பெற்றபோது பிரிட்டன் இரண்டு ராணுவத் தளங்களைத் தன் சொந்த மண்ணாகவே வைத்துக்கொண்டது. அதோடு அகாமாஸில் குண்டு சுட்டுப் பயிற்சி எடுக்கும் உரிமையையும் உடன்படிக்கையில் எழுதி வாங்கிக்கொண்டது. 1990களின் இறுதிவரை இங்கே பயிற்சி நடந்தது. குண்டு விழும் இடத்தில் யாரும் ஹோட்டல் கட்டுவதில்லை. ஆமைகள் பிழைத்ததில் அந்தப் பீரங்கிகளுக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் இயற்கை ஆர்வலர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் உண்மை அதுதான்.

மேட்டைக் கடந்து மறுபக்கம் இறங்கினால் அஃப்ரோடைட்டியின் குளியல் சுனை. காதல் தேவதை குளித்த இடம் என்பது ஐதிகம். அத்திமர நிழலில் ஒரு சிறிய குட்டை. குளிக்கக் கூடாது என்று பலகை. தேவதைக்குக் கிடைத்த சலுகை நமக்கில்லை. ஐந்து நிமிடம் போதும். பக்கத்து ஊரின் பெயர்ப் பலகையில் 'பொலிஸ்' என்றிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். கிரேக்க மொழியில் அதற்கு நகரம் என்று பொருள்.

மதிய உணவு லாச்சி என்ற மீன்பிடித் துறைமுகத்தில். சைவர்கள் பட்டினி கிடப்பார்கள் என்ற பயம் வேண்டாம். கிரேக்கத் திருச்சபையில் விரத நாட்கள் ஏராளம். அதனால் இறைச்சியும் பாலும் இல்லாத சமையல் இவர்களுக்குக் கைவந்த கலை. 'முஜேந்திரா' என்று ஒன்று கொண்டுவந்தார்கள். பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்து, மேலே வறுத்த வெங்காயம். காராமணியைச் சுரைக்காய் ஜாதிக் காயோடு வேகவைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றியது இன்னொன்று. சுட்ட ஹலூமி பாலாடைக்கட்டி பல்லில் கிறீச்சிட்டது. 'கொலொகாசி' என்ற பெயரில் வந்தது நம் சேப்பங்கிழங்கு. மனைவியின் காலை நேர வருத்தம் அத்தோடு தீர்ந்தது.

நிற்க மனமில்லாத நிறுத்தம்

சாப்பிட்டபின் நியோ கோரியோ வழியாக மலை ஏறினோம். திரும்பும் பாதை. வளைவில் ஒரு ஊர் தெரிந்தது. கல் வீடுகள், கல் சுவர்கள், சந்துகள். ஜெர்மன் இளைஞர்கள் கேமராவை எடுத்தார்கள். கைடு வேகத்தைக் குறைக்கவில்லை. நிறுத்துங்கள் என்று அவர்கள் சத்தம் போட்ட பிறகுதான் நிறுத்தினார்.

ஊரின் பெயர் அந்த்ரோலிக்கு. உள்ளே நடந்தோம். வீடுகளுக்குக் கூரை இல்லை. ஒரு அடுப்படியில் அத்திமரம் வளர்ந்திருந்தது. சுவரில் விளக்கு மாடம். வாசற்படியில் ஆடுகள் படுத்திருந்தன. ஆடு வளர்க்கும் ஓரிருவரைத் தவிர ஊரில் யாரும் இல்லை என்றார் கைடு.

"அற்புதமான இடம்" என்றார் பிரிட்டிஷ் அம்மையார். பூகம்பத்தில் போன ஊரா என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. 1953 செப்டம்பரில் பாஃபோஸ் வட்டாரத்தைப் பெரும் பூகம்பம் உலுக்கியது உண்மை.

"இல்லை. இது துருக்கியர் ஊர்" என்று மட்டும் சொன்னார் கைடு.

மீதியை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. சைப்ரஸில் கிரேக்க மொழி பேசும் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மை, துருக்கி மொழி பேசும் முஸ்லிம்கள் சிறுபான்மை. ஊர் ஊராகக் கலந்தும் அக்கம்பக்கமாகவும் வாழ்ந்தவர்கள். சுதந்திரம் கிடைத்து மூன்றே ஆண்டுகளில், 1963 டிசம்பரில், இரு தரப்புக்கும் மோதல் வெடித்தது. 1974 ஜூலை 15ல் கிரீஸின் ராணுவ ஆட்சியாளர்கள் தூண்டுதலில் இங்கே ஆட்சிக் கவிழ்ப்பு. ஐந்தாம் நாள் துருக்கிப் படைகள் வடக்கே இறங்கின. சண்டை ஓய்ந்தபோது தீவின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துருக்கியின் கையில். வடக்கிலிருந்து 1,60,000க்கும் அதிகமான கிரேக்கர்கள் தெற்கே வந்தார்கள். தெற்கிலிருந்து 40,000க்கும் அதிகமான துருக்கியர்கள் வடக்கே போனார்கள். அப்படிப் போனவர்களின் ஊர்களில் ஒன்று அந்த்ரோலிக்கு. குறுக்கே ஐ.நா. காவலில் சுமார் 180 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. அது இன்றும் இருக்கிறது.

போனவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத்தான் போனார்கள். பிறகு கூரை எப்படிப் போயிற்று? கைடு அதற்கு விளக்கம் சொன்னார். இந்த வீடுகளுக்கு மரச் சட்டத்தின் மேல் மண் பரப்பிய தட்டைக் கூரை. மழைக்குப் பிறகு யாராவது மேலே ஏறி மண்ணை உருளையால் அழுத்தி இறுக்க வேண்டும். ஒவ்வொரு குளிர்காலமும் செய்ய வேண்டிய வேலை. செய்ய ஆளில்லை என்றால் நீர் இறங்கும், சட்டம் உளுக்கும், கூரை உள்ளே விழும். சுவர் நிற்கும். வீடு மேலிருந்துதான் சாகிறது.

சட்டப்படி இந்த வீடுகள் இன்னமும் போனவர்களுக்கே சொந்தம். தெற்கில் துருக்கியர் விட்டுச் சென்ற சொத்துகளை, 1991ல் வந்த ஒரு சட்டத்தின்படி, உள்துறை அமைச்சர் பாதுகாவலராக இருந்து நிர்வகிக்கிறார். நாமும் பிரிவினைக்குப் பிறகு, 1950ல், வெளியேறியோர் சொத்துக்காக ஒரு சட்டம் போட்டவர்கள்தான். அது 2005ல் ரத்தாயிற்று. லாகூரிலிருந்து டெல்லிக்கும் கராச்சியிலிருந்து பம்பாய்க்கும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தச் சுவர்களைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

மோர்ஃபூவின் ஆரஞ்சு

வண்டியில் ஏறுமுன் கைடிடம் கேட்டேன்: ஏன் நிறுத்த மனமில்லை?

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு சொன்னார். அவர் வடக்கே மோர்ஃபூ ஊர்க்காரர். ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பேர்போன இடம். 1974ல் அவருக்கு ஒன்பது வயது. மாற்று உடை இல்லாமல் டிராக்டரில் ஏறி வந்த குடும்பம். தெற்கே அவர்களுக்குத் தங்கக் கிடைத்த முதல் கூரை, ஒரு துருக்கியர் விட்டுப்போன வீடு. சமையலறையில் வேறொருவரின் பாத்திரங்கள். அவருடைய தாயார் அந்தப் பாத்திரங்களைக் கழுவி ஒரு பெட்டியில் வைத்தாராம். கேட்டு வருவார்கள் என்று. யாரும் வரவில்லை.

2003 ஏப்ரல் 23ல் திடீரென்று கோட்டில் வழி திறந்தார்கள். இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிறகு இரு பக்கத்தவரும் மணிக்கணக்கில் வரிசையில் நின்று கடந்தார்கள். இவரும் போனார். தெருவைக் கண்டுபிடித்தார். வீட்டைக் கண்டுபிடித்தார். திண்ணையில் துணி காய்ந்தது. அரை மணி நேரம் எதிர்ச்சாரியில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்.

கதவைத் தட்டியிருக்கலாமே என்றேன்.

"தட்டினால் உள்ளே கூப்பிடுவார்கள். காபி கொடுப்பார்கள். என் வீட்டில் நான் விருந்தாளி ஆகிவிடுவேன்."

அவர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசவில்லை. டயரில் சிக்கியிருந்த கல்லை ஸ்குரு டிரைவரால் நெம்பிக்கொண்டே சொன்னார். தினமும் இந்த ஊர் வழியாக வருகிறேன், தினமும் யாராவது அழகு என்கிறார்கள், அழகுதான், ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை என்றார். பிறகு ஏறிக்கொள்ளச் சொன்னார்.

கடைசி நிறுத்தம் கத்திகாஸ். மேட்டு நிலத்துத் திராட்சை ஊர். அறுவடை நேரம் என்பதால் சின்னச் சின்ன டிரக்குகளில் சினிஸ்தெரி என்ற வெள்ளைத் திராட்சை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஒயின் ருசி பார்க்கப் போனார்கள். நாங்கள் காபிக் கடையில் உட்கார்ந்தோம். சுண்டக் காய்ச்சிய காபி, அடியில் ஒரு விரற்கடை வண்டல். சீட்டாடிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எந்த நாடு என்று விசாரித்தார். சொன்னதும் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"திம்மய்யா!" என்றார்.

இந்தியாவிலேயே பலர் மறந்துவிட்ட பெயர். நமது தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வு பெற்ற குடகு மண்ணின் ஜெனரல் கே.எஸ். திம்மய்யா, 1964ல் சைப்ரஸின் ஐ.நா. அமைதிப் படைக்குத் தளபதியாக வந்தார். 1965 டிசம்பரில் பணியில் இருக்கும்போதே இங்கே காலமானார். மறு ஆண்டு சைப்ரஸ் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அந்தப் படையின் முதல் தளபதி பி.எஸ். ஞானியும் இந்தியர். 1974ல் போர் நடந்தபோது தளபதியாக இருந்த பிரேம் சந்தும் இந்தியர். நிகோசியா விமான நிலையத்தை இரு தரப்பும் கைப்பற்றாதபடி ஐ.நா. தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது அவர் காலத்தில்தான். அந்த நிலையத்தில் பயணிகள் விமானம் இன்றுவரை இறங்குவதில்லை. சுற்றுலாப் பயணிகள் லார்னகாவிலும் பாஃபோஸிலும் வந்து இறங்குகிறார்கள். நாங்கள் வந்து இறங்கியதும் அப்படித்தான்.

பிரச்சினை தீர்ந்தபாடில்லை. 2004ல் ஐ.நா. வகுத்த இணைப்புத் திட்டத்தைத் துருக்கியர்களில் 65 சதவீதம் பேர் ஏற்றார்கள். கிரேக்கர்களில் 76 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். 2017ல் சுவிட்சர்லாந்தில் நடந்த பேச்சும் முறிந்தது. இரு தரப்பிலும் காணாமல் போனவர்கள் பட்டியலில் 2,002 பெயர்கள். இரண்டு சமூகத்தவரும் சேர்ந்து அமர்ந்த குழு ஒன்று, எலும்புகளைத் தோண்டி அடையாளம் கண்டு குடும்பங்களிடம் ஒப்படைத்து வருகிறது. தலைவர்களால் முடியாத கூட்டுவேலை அங்கே மட்டும் நடக்கிறது.

வாசகர்களில் யாராவது சைப்ரஸ் போனால் இந்த ஜீப் பயணத்தைத் தவறவிட வேண்டாம். வசந்தமான ஏப்ரலில் போனால் புழுதி குறைவு, பூக்கள் அதிகம். வண்டியை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுவதைவிடக் கைடோடு போவது மேல். மண்பாதையில் டயருக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நேரும் சேதத்தைப் பெரும்பாலான வாடகை இன்சூரன்ஸ்கள் ஏற்பதில்லை. கைடிடம் ஆமையைப் பற்றியும் தேவதையைப் பற்றியும் கேளுங்கள். ஆளில்லாத ஊரைக் கடக்கும்போது, இது யாருடைய வீடு என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அழகான காலி இடங்கள் எல்லாம் தாமாகக் காலியாவதில்லை.

மாலை ஆறு மணிக்கு ஹோட்டல் வாசலில் இறக்கிவிட்டார். கையில் ஒரு அச்சிட்ட அட்டை கொடுத்தார், கம்பெனிக்காக. இன்றைய பயணத்தில் மிகவும் பிடித்த இடம் எது? லாரா, சுனை, மதிய உணவு, ஒயின் என்று நான்கு கட்டங்கள். அந்த்ரோலிக்குவுக்குக் கட்டம் இல்லை. அடியில் இருந்த வெள்ளைப் பகுதியில் அந்தப் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

மற்ற அட்டைகளை ஸ்டியரிங் பக்கத்துப் பெட்டியில் போட்டார். என்னுடையதைப் படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.